அலறுவது ஒன்று, நோவது ஒன்று

நிந்தவூரின் விடியற்காலையைக் கண்டவர்கள் அதன் ஒலிகளையும் அறிவார்கள். கிழக்கே ஓயாத கடலிரைச்சல். ஸுபஹ் தொழுகைக்கு அழைக்கும் பாங்கொலி. தேநீர்க் கடைகளின் கதவுகள் திறக்கப்படும் ஓசை. மேற்கே வயல்வெளியை நோக்கிச் செல்லும் உழவு இயந்திரங்களின் உறுமல். இவையெல்லாம் ஊரின் இயல்பான ஒலிகள். சென்ற மாரி காலத்தில் இவற்றோடு ஒவ்வாத புதிய ஒலியொன்றும் எங்கள் தெருவில் எழலாயிற்று. அதுதான் எங்கள் வீட்டு மோட்டார் வண்டியின் அலறல்.

காலையில் திறப்பைத் திருப்பி வண்டியை முடுக்கியதும், கூரிய ஆணியால் தகரத்தைக் கீறியது போன்ற ஒலி எழும். அரை நிமிடம் நீடிக்கும். பின்பு தானாகவே அடங்கிவிடும். அண்டை வீட்டுச் சிறுவர்கள் அதற்குப் பெயரும் சூட்டிவிட்டார்கள். "சேரின் சேவல் கூவிவிட்டது" என்று சொல்லிக்கொண்டே அவர்கள் பள்ளிக்குப் புறப்படுவார்கள்.

இதைக் கேட்டு நானும் சிரித்திருப்பேன். ஆனால் அவ்வண்டிக்கு மாதந்தோறும் ஒரு கடமை இருந்தது. என் தமக்கையை, நாங்கள் ராத்தா என்று அழைக்கும் அந்த மூதாட்டியை, கண்டியிலுள்ள வைத்தியரிடம் அழைத்துச் சென்று திரும்ப வேண்டும். காரைதீவுச் சந்தியில் திரும்பி, அம்பாறை, உகன, மகா ஓயா, பதியத்தலாவை, மகியங்கனை என்று செல்லும் வழி அது. இடையிடையே காட்டுப் பகுதிகள் வரும். மகியங்கனைக்கு அப்பால் மலையேறும்போது பெயர்பெற்ற பதினெட்டு வளைவுகள் வரும். நோயாளியோடு செல்லும் ஒருவன் அத்தகைய வழியில் வண்டி நின்றுபோவதை எண்ணிப் பார்க்கவும் அஞ்சுவான். அடுத்த பயணமும் நெருங்கிக்கொண்டிருந்தது.

பழைய வண்டியும் நம் நாடும்

"இவ்வளவு தொல்லை எதற்கு? பழையதை விற்றுப் புதியதை வாங்கலாமே!" என்று வெளிநாட்டில் வாழும் உறவினர் ஒருவர் கேட்டார். நம் நாட்டு நிலையை அறிந்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் பாவனைக்குரிய வண்டிகளுக்கு 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேயே மீண்டும் வழி திறந்தது. வழி திறந்தபோதும் வரியும் விலையும் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டுவனவாக இல்லை. இடைப்பட்ட 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாட்களை யாரும் மறந்திருக்கமாட்டார்கள்.

இது நமக்கு முற்றிலும் புதிய அனுபவமன்று. 1960களிலும் 1970களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது, மொரிஸ் மைனர், ஒஸ்டின் முதலிய வண்டிகளை நம்மவர்கள் தலைமுறை கடந்தும் ஓட்டினார்கள். பழையதைப் பேணும் கலை நமக்குத் தேவையின் காரணமாக வாய்த்த கலையாகும். அக்கலையின் முதற்பாடம் கருவிகளைக் கையாள்வதன்று. நோயைச் சரியாக அறிவதே. அந்தப் பாடத்தை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். நேயர்கள் பணம் கொடுக்காமலே கற்றுக்கொள்ளட்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

இரு தீர்ப்புகள்

முதலில் சென்ற வேலைத்தலத்தில் பொனட்டைத் திறந்து ஒரு முறை பார்த்தார்கள். "பெல்ட் பழுதாகிவிட்டது" என்றார்கள். புதிய பெல்ட்டைப் போட்டார்கள். அலறல் நின்றது. நான் மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன். பத்து நாட்கள் கழிந்தன. பதினோராம் நாட்காலையில் சேவல் மீண்டும் கூவிற்று.

இம்முறை மற்றோர் அறிகுறியும் சேர்ந்துகொண்டது. அலறல் எழும்போதெல்லாம் வண்டியின் முகப்புப் பலகையில் பற்றரியின் படமிட்ட சிவப்பு விளக்கு மங்கலாகச் சிமிட்டியது. இரண்டாவது வேலைத்தலத்தார் அதனைக் கண்டு, "அல்டர்னேட்டர் போய்விட்டது, முழுவதையும் மாற்ற வேண்டும்" என்று தீர்ப்பளித்தார்கள். அல்டர்னேட்டர் என்பது எஞ்சின் ஓடும்போது மின்சாரத்தை உண்டாக்கிப் பற்றரிக்கு ஊட்டும் மின்பிறப்பாக்கியாகும். அதற்கு அவர்கள் கூறிய விலை என் இரு மாத ஓய்வூதியத்தையும் விஞ்சியது. கண்டிப் பயணத்துக்கும் மருந்துக்குமாக ஒதுக்கிவைத்த பணத்தில் கைவைத்தாலன்றி அதனைக் கொடுக்க இயலாது.

அன்றிரவு ராத்தா, "தம்பி, இந்த மாதம் நான் போகாமலே இருந்துவிடுகிறேன், வண்டியைச் சரிசெய்" என்றார். அந்தச் சொல் என் மனத்தைச் சுட்டது. பிழையான ஒரு தீர்ப்பு எங்கே போய் முடியும் என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தேன். அதன் சுமை வண்டியோடு நிற்பதில்லை. வீட்டில் மிகவும் மெலிந்தவர் யாரோ, அவருடைய தோளிலேயே அது சென்று இறங்குகின்றது.

தென்னந்தோப்பின் ஓரத்தில்

எங்கள் ஊரில் தென்னந்தோப்பு ஒன்றின் ஓரமாகத் தகரக் கொட்டகை ஒன்று உண்டு. அங்கே எழுபது வயதைக் கடந்த மெக்கானிக் ஒருவர் இன்றும் வேலை செய்கிறார். இளமையில் நெல் ஆலைகளின் டீசல் எஞ்சின்களைப் பழுதுபார்த்தவர். ஊரார் யாவரும் அவரைக் காக்கா என்றே அழைப்பர். ராத்தாவின் மகன், உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் பயிலும் மாணவன், "மாமா, காக்காவிடம் ஒரு தடவை காட்டிப் பார்ப்போம்" என்று வற்புறுத்தவே இருவரும் சென்றோம்.

அவர் பொனட்டைத் திறக்கவில்லை. வாங்கில் அமர்ந்து பிளேன்டியை அருந்தியவாறு கேள்விகளைத் தொடுத்தார்.

"சேர், சத்தம் எந்நேரமும் வருதா, காலையில மட்டுமா?"

"காலையில்தான் அதிகம். மழை பெய்தால் பகலிலும் வரும்."

"ஏசி போட்டால்?"

"உடனே வரும்."

"ஸ்டியறிங்கை ஒரு பக்கமா முழுக்க வெட்டினால்?"

நான் விடையளிக்குமுன் மருமகன், "அப்போதும் வருகிறது, காக்கா!" என்றான்.

"அப்ப அது சுமை கூடுற நேரத்தில வழுக்குது. வழுக்குறது பெல்ட். ஆனா பெல்ட் புதுசு. அப்படியெண்டால் பெல்ட்டைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறவன் யார் எண்டு பார்க்கவேணும்."

வைத்தியர் நாடியைத் தொடுமுன் நோயாளியின் கதையைக் கேட்பதைப் போன்றிருந்தது அது. முன்பு பார்த்த இரு இடங்களிலும் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை என்பது அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது.

எருதும் சிறுவனும்

இனி, அந்தப் "பிடித்துக்கொண்டிருப்பவன்" யார் என்பதை விளக்க வேண்டும். எஞ்சினின் முன்புறத்தில் ஒரு பெரிய கப்பி சுழல்கின்றது. அதன் சுழற்சியை இறப்பர் பெல்ட் ஒன்று ஏற்று, அல்டர்னேட்டர், தண்ணீர்ப் பம்பி, ஸ்டியறிங்குக்கு உதவும் பம்பி, ஏசி கம்பிரசர் ஆகியவற்றுக்குப் பகிர்ந்தளிக்கின்றது. பழைய மொரிஸ் மைனர் போன்ற வண்டிகளில் பெல்ட் தளர்ந்தால், டைனமோவைத் தாங்கும் ஆணிகளைத் தளர்த்தி, அதனைச் சற்று வெளியே நெம்பி, மீண்டும் இறுக்கிவிடுவார்கள். பெருவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் தாழ வேண்டும் என்பது அக்காலச் சாரதிகளின் கணக்கு.

1970களின் இறுதியிலிருந்து, பாம்புபோல் வளைந்து வளைந்து எல்லாக் கப்பிகளையும் தொட்டுச் செல்லும் ஒற்றை நீள பெல்ட் வழக்கத்துக்கு வந்தது. அதன் உட்புறத்தில் நீளவாக்கில் வரிகள் ஓடும். பல வண்டிகளில் இதனை இறுக்கிவைக்கும் பொறுப்பு டென்ஷனர் என்ற ஓர் உறுப்பைச் சாரும். வலிய சுருள்வில் ஒன்று. அவ்வில்லினால் தள்ளப்படும் கை ஒன்று. கையின் நுனியில் பெயாரிங் பொருத்திய கப்பி ஒன்று. கை துள்ளாமல் அடக்கும் உராய்வுப் பட்டை ஒன்று. இவ்வளவே அதன் உடல். பெல்ட் தேய்ந்து நீண்டாலும் சூட்டில் நெகிழ்ந்தாலும் கை நகர்ந்து அந்தத் தளர்வை உடனே உண்டுவிடும்.

இச்சிறு கைக்கு ஏன் இத்தனை முதன்மை? நம் வயற்புறத்துக் காட்சி ஒன்றைக் கொண்டு இதனை அறியலாம். முரட்டு எருது ஒன்றின் கயிற்றை ஒரு சிறுவன் வெறுங்கையால் பிடித்தால் அவனை அது இழுத்துச் சென்றுவிடும். அதே கயிற்றை அவன் ஒரு மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி நுனியைப் பிடித்தால், எருது நின்றுவிடும். 18 ஆம் நூற்றாண்டின் கணித மேதை லெயோனார்ட் ஒயிலர் இந்த உண்மைக்குக் கணித வடிவம் தந்தார். உராய்வுக் குணகம் 0.3 எனக் கொள்வோம். சிறுவன் 2 கிலோகிராம் நிறைக்கு ஒத்த விசையால் நுனியைப் பிடித்தால், அரைச் சுற்று ஏறக்குறைய 5 கிலோகிராமையும், ஒரு சுற்று 13 கிலோகிராமையும், இரு சுற்று 87 கிலோகிராமையும் தாங்கும். மரத்தைத் தழுவும் அளவு கூடக் கூடப் பிடியும் இவ்வாறு பெருகிச் செல்கின்றது.

மாணவர்கள் இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். பெருகுவது சிறுவனின் பிடியே. அவன் நுனியை முற்றிலும் விட்டுவிட்டால், இரண்டு சுற்றென்ன, இருபது சுற்றாயினும் பயனில்லை. பூச்சியத்தை எதனாற் பெருக்கினும் பூச்சியமே. வண்டியில் கப்பி மரத்துக்கு ஒப்பாகும். பெல்ட் கயிற்றுக்கு ஒப்பாகும். அல்டர்னேட்டரின் சுமை எருதுக்கு ஒப்பாகும். தளர்ந்த பக்கத்து நுனியைப் பிடித்து நிற்கும் அச்சிறுவனே டென்ஷனர். அவன் கை சோர்ந்தால் எத்துணைப் புதிய பெல்ட்டும் வழுக்கியே தீரும். வழுக்கும்போது அலறுவது பெல்ட்; நோயோ சிறுவனின் கையில்.

காலையில் அலறல் மிகுவதன் காரணமும் இதனால் விளங்கும். எஞ்சினை முடுக்குவதற்குப் பற்றரி செலவிட்ட மின்சாரத்தை அல்டர்னேட்டர் அப்பொழுதுதான் ஈடுசெய்கின்றது. ஆகவே அதன் சுமை அந்நேரத்தில் மிகுதி. இரவின் ஈரமும் பெல்ட்டில் படிந்திருக்கும். சற்று நேரத்தில் சுமை குறைந்து, ஈரமும் உலர்ந்து, ஒலி அடங்கிவிடும். புதிய பெல்ட் பத்து நாட்கள் மௌனமாயிருந்ததற்கும் காரணம் உண்டு. புதிய வரிகள் கப்பியின் பள்ளங்களை நன்கு கவ்வும்; சிறிது ஓடிப் பழகியதும் அது சற்றே தளரும்; அத்தளர்வை உண்ண வேண்டிய கையோ அசையவில்லை.

காக்காவின் சோதனை

அவர் செய்த சோதனையை முறையாகக் கூறுகிறேன். எஞ்சின் ஓடும்போது செய்யப்படும் சோதனைகளைப் பழகிய மெக்கானிக்கின் கையிலேயே விடவேண்டும். தொங்கும் சட்டைக்கை, சாரத்தின் நுனி, முந்தானை, அவிழ்ந்த கூந்தல் ஆகியவற்றுள் எதனையும் சுழலும் பெல்ட் ஒரு நொடியில் கவர்ந்துவிடும். எஞ்சின் நின்றபின் செய்யும் சோதனைகளுக்கும் திறப்பைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே குனிய வேண்டும்.

முதலாவது, காதின் சோதனை. சுமை கூடும்போது நீண்டு எழும் அலறல் வழுக்கலைக் குறிக்கும். குருவி கத்துவதுபோல் விட்டுவிட்டு எழுந்து, எஞ்சினின் வேகத்தோடு விரைவுபெறும் "கீச் கீச்" ஒலி, கப்பிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாமையைக் குறிக்கும். அம்மியரைப்பது போன்ற கரகரப்புப் பெரும்பாலும் பெயாரிங்கின் முறையீடு.

இரண்டாவது, நீரின் சோதனை. எஞ்சின் மெதுவாக ஓடுகையில் பெல்ட்டின் வரியுள்ள பக்கத்தில், எட்ட நின்று, சிறிதளவு நீரைத் தெளிப்பார்கள். ஒலி கணநேரம் மறைந்து மீண்டும் வந்தால் நேர்கோடு பிழைத்துள்ளது என்க. ஒலி மேலும் உரத்தால் இறுக்கம் போதவில்லை என்க. எங்கள் வண்டி நீர் பட்டதும் முன்னிலும் ஓங்கி அலறிற்று.

மூன்றாவது, மின்னழுத்தச் சோதனை. இதுவே என் பணத்தைக் காத்தது. பற்றரியின் இரு முனைகளிலும் மானியைப் பிடித்தார். அலறும்போது 12 வோல்ற்றளவில் நின்ற முள், அலறல் அடங்கியதும் 14 வோல்ற்றை எட்டியது. "பாருங்க சேர், ஒழுங்காச் சுத்திவிட்டால் அல்டர்னேட்டர் ஒழுங்காத்தான் கரண்ட் தருது. வேலை செய்யுறவனைக் குற்றம் சொல்லப்படாது" என்றார். சிவப்பு விளக்குச் சிமிட்டியதன் மருமம் அப்பொழுதே வெளிப்பட்டது. அல்டர்னேட்டர் பழுதாகவில்லை, அதனைச் சுழற்றுவார் இல்லை.

நான்காவது, கண்ணின் சோதனை. ஓடும் எஞ்சினில் டென்ஷனரின் கை இலேசாக நடுங்குவது இயல்பு. துள்ளித் துள்ளி அடிப்பது இயல்பன்று. எங்கள் வண்டியில் அது துள்ளவும் இல்லை, நடுங்கவும் இல்லை. கல்லாய்ச் சமைந்து நின்றது. அதுவும் நோயே. பின் எஞ்சினை நிறுத்தி, மருமகனிடம் டோர்ச் விளக்கைப் பிடிக்கச் சொன்னார். பல டென்ஷனர்களின் உடலில் எல்லைக்கோடுகள் பொறிக்கப்பட்டிருக்கும். கையிலுள்ள குறி அவற்றின் நடுவே நிற்க வேண்டும். பெல்ட் கப்பியின் நடுவில் ஓடுகிறதா, விளிம்பை நாடுகிறதா என்பதையும் நோக்க வேண்டும். கையின் மூட்டிலிருந்து செந்நிறத் துருப்பொடி கசிந்திருந்தால் உள்ளே தேய்வு நிகழ்கின்றது என்பது பொருள். எங்கள் வண்டியின் மூட்டில் மஞ்சள் பூசியதுபோல் அப்பொடி படிந்திருந்தது. உப்புக் காற்று வீசும் கரையோர ஊர்களில் உலோக மூட்டுகள் இவ்வாறு விரைவில் அரிப்புண்ணுதல் வியப்பன்று.

ஐந்தாவது, கையின் சோதனை. நீண்ட பிடியுள்ள சாவியை இட்டு, வில்லின் விசைக்கு எதிராகக் கையைத் திருப்பினார். நலமுள்ள டென்ஷனர் சீராகத் தடுத்து, சீராகத் திரும்பிவரும். எங்களுடையது முதலில் அசைய மறுத்தது. பின்பு "டக்" என்று தாவியது. விட்டபோது பாதி வழியில் சிக்கி நின்றது.

இறுதியாகப் பெல்ட்டைக் கழற்றினார். கழற்றுமுன் மருமகனை நோக்கி, "தம்பி, பெல்ட் போற பாதையைக் கொப்பியில கீறு" என்றார். பிழையான பாதையில் மாட்டினால் சில உறுப்புகள் எதிர்த்திசையிற் சுழலக்கூடும் என்பதை அறிந்தோர் இந்த எச்சரிக்கையின் அருமையை உணர்வார்கள். பின் கப்பியை விரலாற் சுழற்றினார். உள்ளே கிரீஸ் நிறைந்த நல்ல பெயாரிங் ஓசையின்றிச் சுழன்று விரைவில் நின்றுவிடும். பம்பரம்போல் நெடுநேரம் சுழன்றால் கிரீஸ் வற்றிவிட்டது. மணல் அரைபட்டால் குண்டுகள் தேய்ந்துவிட்டன. பக்கவாட்டில் ஆடினால் அதன் காலம் முடிந்துவிட்டது. மற்றக் கப்பிகளையும் ஒவ்வொன்றாகச் சுழற்றிப் பார்த்த பின்னரே தீர்ப்புக் கூறினார். "மற்றதெல்லாம் சுகம். டென்ஷனர் ஒண்டுதான்."

பிடித்துக்கொள்ள வேண்டிய சில எச்சரிக்கைகள்

கை துள்ளினாலும் டென்ஷனரே குற்றவாளி என்று உடனே துணியலாகாது. கசியும் எண்ணெய் பெல்ட்டில் பட்டாலும், அல்டர்னேட்டரின் கப்பி இறுகினாலும், வேறொரு பெயாரிங் பழுதானாலும் அறிகுறிகள் இவ்வாறே தோன்றும். ஆகவேதான் யாவற்றையும் சோதித்த பின்பு தீர்ப்பு.

பெல்ட்டில் வெடிப்பு இல்லை என்பதால் அது நலமாயுள்ளது என்றும் கருதலாகாது. முற்காலத்து இறப்பர் முதுமையில் வெடித்துக் காட்டும். 1990களின் பின்னர் பரவிய புதியவகை இறப்பர் வெடிப்பின்றியே, ரயரைப் போல் மெல்ல மெல்லத் தேய்ந்து, வரிகளின் பள்ளம் அகன்றுவிடும். அதனை அறிய அளவுகோல் ஒன்று உண்டு. டென்ஷனரை மாற்றும்போது பெல்ட்டின் நிலையையும் பார்த்து, தேவையாயின் இரண்டையும் ஒருங்கே மாற்றுவது நன்று.

அலறும் பெல்ட்டில் சவர்க்காரத்தைத் தேய்ப்பாரும், மெழுகுதிரியைத் தேய்ப்பாரும், கடையில் விற்கும் தெளிமருந்தை அடிப்பாரும் உளர். இவை அழும் குழந்தையின் வாயைப் பொத்துவதற்கு ஒப்பானவை. அழுகை சிறிது நேரம் நிற்கும், வயிற்றுவலி நிற்காது. பிசுபிசுப்பில் மண்ணும் தூசியும் ஒட்டி, நல்ல பெல்ட்டும் கெட்டுவிடும்.

எஞ்சினின் உள்ளே, மூடிக்குப் பின்னால், டைமிங் பெல்ட் என்ற வேறொன்றும் சில வண்டிகளில் உண்டு. இங்கே கூறிய சோதனைகள் அதற்குரியனவல்ல. அது அலறி அறிவிக்கும் என்று காத்திராமல், வண்டிக்குரிய கைநூல் விதிக்கும் தூரத்தில் மாற்றிவிட வேண்டும்.

ஓட்டத்தின்போது பற்றரி விளக்குத் தொடர்ந்து எரிந்து, ஸ்டியறிங்கும் திடீரெனக் கனத்து, வெப்பமானியின் முள்ளும் ஏறத் தொடங்கினால் பெல்ட் அறுந்தோ கழன்றோ போயிருக்கலாம். பல வண்டிகளில் தண்ணீர்ப் பம்பியும் அப்பெல்ட்டினாலேயே சுழல்வதால், எஞ்சின் சில நிமிடங்களில் கொதித்துக் கெட்டுவிடும். "அடுத்த ஊர் வரைதானே" என்று எண்ணாமல் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். சூடு ஆறுமுன் ரேடியேற்றரின் மூடியைத் திறக்கவே கூடாது.

பதினெட்டு வளைவுகள்

கல்முனையில் புதிய டென்ஷனர் கிடைத்தது. அதன் விலையும் காக்காவின் கூலியும் சேர்ந்தும் அல்டர்னேட்டருக்குக் கேட்ட தொகையின் சிறு பங்கையே எட்டின. புதியதை மாட்டியபின் அவர் ஏசியைப் போட்டார். ஸ்டியறிங்கை முழுமையாக வெட்டினார். பெல்ட்டில் நீரும் தெளித்தார். வண்டி வாய் திறக்கவில்லை. மானியின் முள் 14 வோல்ற்றில் அசையாது நின்றது. நோயை அறிந்தால் மட்டும் போதாது, நோய் நீங்கியதையும் அதே சோதனையால் உறுதிசெய்ய வேண்டும் என்பதை மருமகன் தன் கொப்பியில் எழுதிக்கொண்டான்.

கூலியைக் கொடுக்கும்போது, "அல்டர்னேட்டரை மாற்றியிருந்தால் என்னவாகியிருக்கும், காக்கா?" என்று கேட்டேன்.

"புது அல்டர்னேட்டரும் இதே சத்தத்தோட சுத்தியிருக்கும், சேர். பிறகு பற்றரியை மாத்தச் சொல்லியிருப்பாங்க" என்று கூறிச் சிரித்தார்.

குறித்த நாளில் விடியுமுன் புறப்பட்டோம். தெரு உறங்கிக்கொண்டிருந்தது, எங்கள் வண்டி அதனை எழுப்பவில்லை. மகியங்கனைக்கு அப்பால் வளைவுகள் தொடங்கியபோது, முன்னிருக்கையில் அமர்ந்திருந்த மருமகன் ஒவ்வொன்றாக எண்ணலானான். பின்னிருக்கையில் ராத்தா அயர்ந்து உறங்கிவிட்டார். கடைசி வளைவைக் கடந்து குளிர்காற்று முகத்தில் பட்டபோது, இருக்கின்றதா என்றும் அறியாதிருந்த அந்தச் சிறு இரும்புக் கையை நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

நேயர்களே, உங்கள் வீட்டில் பழைய வண்டியொன்று நிற்குமாயின், அதனை முடுக்கி, வானொலியை அணைத்துவிட்டு, மூன்று நிமிடம் பேசாமல் செவிமடுத்துப் பாருங்கள். மாணவர்களோ வீட்டு முற்றத்து மரத்தில் கயிறு ஒன்றைச் சுற்றி, மறுமுனையைத் தம்பியிடம் கொடுத்து இழுக்கச் சொல்லுங்கள். எத்தனை சுற்றில் அவன் தோற்கிறான் என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்பு உங்கள் கையிலுள்ள நுனியை மெல்ல விட்டுப் பாருங்கள். ஒயிலரின் கணக்கும், காக்காவின் கேள்வியும் ஒருங்கே விளங்கும்.